கட்டையை வைத்தது யார்?

சினிமாவுக்குக் கதை எழுதுவது என்பது நாம் கட்டிய வீட்டுக்கு நாமே குடித்தனம் போய், ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கும் தொழில். காதுகுத்து பிளெக்ஸுக்கு நாலு வரி, கண்ணீர் அஞ்சலிக்கு எட்டு வரி, ஆயுத பூஜையில் முதலாளி பேச இரண்டு பக்கம் என்று எழுதிக் காலம் தள்ளும் என் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு நானும் ஒரே ஒரு படத்துக்கு எழுதினேன். பிழைப்புக்காகப் பொய் எழுதும் ஓர் எழுத்தாளனைப் பற்றிய படம். நடந்ததைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வரவில்லை.

கதை கொடுத்தவன்

செல்வராஜ் எங்கள் லைன் வீட்டில் அடுத்த போர்ஷன். சாமல்பட்டிக்காரன். சிப்காட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்தபோது வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டையும் இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் டார்கெட் என்று ஒன்று இருக்கிறதே! ஒரு பட்டனில் சின்னக் கட்டையைச் செருகி, அமுங்கியபடியே நிறுத்திவிட்டால், ஒரு கையால் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். வேலை பறக்கும். அன்றைக்குக் கட்டையைச் செருகியது சூப்பர்வைசர். செல்வராஜே செருகிக்கொண்டான் என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார்கள்.

அந்தப் பொய் ரிப்போர்ட்டை எழுதுகிறவனையே என் கதாநாயகன் ஆக்கினேன். கவிதை எழுதுவான். வயிற்றுக்காகக் கம்பெனி ஆபீஸில் இருப்பான். முதலாளி சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போடுவான். பிறகு சோறு இறங்காமல் அலைந்து, கடைசியில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்வான். உன் கதையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று செல்வராஜிடம் கேட்டேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "கட்டைய நான் வெக்கலன்னு மட்டும் நல்லா தெரியற மாதிரி காட்டிடுங்கண்ணா. எங்க மாமனாரே, 'அவன் கொழுப்புக்கு அவனே வெரல வுட்டுக்கிட்டான்'னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு."

கண்ணீர் விட்ட முதலாளி

தயாரிப்பாளர் முனிராஜ், குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டு வியாபாரம் பார்த்து, நிலம் வாங்கி விற்று, இப்போது சொந்தமாகப் பிரஸ் ஷாப் வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். கதையைக் கேட்டு அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரஸ் ஷாப் முதலாளியையே அழ வைத்துவிட்டேனே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ வந்தது. உறிஞ்சிக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "கதை சூப்பர் ரைட்டரே. ஆனா சூப்பர்வைசரு கட்ட வெச்சான்னு காட்டினா, நமக்கு ஆர்டர் குடுக்கற பெரிய கம்பெனிக்காரன் 'உன் ஷாப்லயும் இப்பிடித்தானா முனிராஜ்'னு கேக்கமாட்டானா?"

நாயகன் நல்லவன்

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் தொழிலில் எது போனாலும் இந்த 'அப்புறம்' வழியாகத்தான் போகும்.

கதாநாயகனாகப் போட்டது ஒரு சீரியல் நடிகரை. கதை அவருக்கும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறை: பொய் ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்துப் போடமாட்டார். வீட்டுப் பெண்கள் எல்லாம் அவரை நல்லவர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்களாம், பெயர் கெட்டுவிடுமாம். "சார், இந்தக் கதையே அவன் கெட்டுப்போவதுதானே" என்று மன்றாடிப் பார்த்தேன். டைரக்டர் முனிராஜின் மருமகன். அவர் விசிலடித்தபடி யோசித்து வழி கண்டுபிடித்தார். நாயகன் எழுதும் ரிப்போர்ட் உண்மையாகவே இருந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தொழிலாளிதான் கட்டையை வைத்தான். நாயகன் அதைத் தைரியமாக எழுதுகிறான். யூனியன்காரர்கள் மிரட்டியும் பணியவில்லை.

அது என் கதையே அல்ல. ஆனால் திரையில் என் பெயர் எப்படி வரும் என்று ஏற்கெனவே எழுத்தின் அளவு முதற்கொண்டு கற்பனை செய்துவிட்டிருந்தேன். இது அநியாயம் என்று முனகினேன், எழுந்து வரவில்லை. டைரக்டர் என் தோளில் கை போட்டார்: "ஹீரோ தப்பு பண்ணக்கூடாதுன்னா வேற யாராவது பண்ணித்தானே சார் ஆகணும்?"

செட் பொருள்

முனிராஜின் பிரஸ் ஷாப்பிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. கட்டையைச் செருகும் காட்சிக்குக் கட்டை வேண்டும். கலை உதவியாளர் வெளியே போய் என்னென்னவோ பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒன்று பெரிது, ஒன்று பட்டனில் நிற்கவில்லை. கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்த அங்குள்ள நிஜ சூப்பர்வைசர், மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, அளவெடுத்துச் செதுக்கிய கட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பெருமையாகச் சொன்னார்: "எல்லா மெஷினுக்கும் ஒண்ணு இருக்குதுங்க, சேஃப்டி ஆடிட் வர்றப்ப மட்டும் எடுத்து வெச்சிருவோம்."

குளோசப்

வெட்டுப்பட்ட கைக்கு மேக்கப் போட்டால் பொம்மைக் கை மாதிரி இருக்கிறது, நிஜமான ஆள் கிடைப்பானா என்று டைரக்டர் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் செல்வராஜை அழைத்துப் போனேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. முகத்தை எடுக்கமாட்டார்கள், கையை மட்டும்தான் எடுப்பார்கள் என்று சொல்லியும் அவன் சவரம் செய்துகொண்டு புதுச்சட்டை போட்டு வந்தான். கதை மாறியது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. கட்டை செருகும் காட்சிக்கு முன்பே, பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்தி அவனை அனுப்பிவைத்தேன். கேட் வரை போனவன் திரும்பி வந்து கேட்டான்: "கை நல்லா தெரிஞ்சிச்சாண்ணா? மாமனாரு பாத்தா நம்பணும்."

ஓடுகிற படம்

படம் எந்தத் தியேட்டருக்கும் போகவில்லை. வாங்க ஆளில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம் படம் எப்போது வரும் என்று செல்வராஜ் கேட்பான், எடிட்டிங் நடக்கிறது என்பேன். முனிராஜ் மட்டும் அசரவில்லை. பாட்டு, காதல், கவிதை எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, விபத்தையும் ரிப்போர்ட்டையும் மட்டும் வைத்துச் சின்னதாக்கினார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் போட்டுக் காட்டும் பாதுகாப்பு வீடியோவாக, தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். நான் தன்னடக்கத்தில் சொல்வதாக நினைத்துக்கொண்டு முதுகில் தட்டினார்: "தியேட்டர்ல ஒரு வாரம் ஓடும் ரைட்டரே, இது ஆளு சேர்ற வரைக்கும் ஓடும்!"

எல்லாம் கரெக்ட்

போன மாதம் செல்வராஜுக்கு வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. முதல் நாள் புது ஆட்களை ஒரு ஹாலில் உட்கார வைத்து வீடியோ போடுவார்கள். அது முடிந்ததும் கேள்வித்தாள் கொடுப்பார்கள். சரியான விடைக்கு டிக் அடித்தால்தான் அடையாள அட்டை. எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம்.

அன்று சாயங்காலம் கழுத்தில் அட்டையோடு என் வாசலில் வந்து நின்றான். என்ன வீடியோ போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை, அவன் முகத்திலேயே தெரிந்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டிருந்தான். பேசி முடிக்கும் வரை வெளியே எடுக்கவில்லை. "என் கை நல்லா தெரிஞ்சிச்சுண்ணா, உங்க பேரும் பெருசா வந்துச்சு. கடைசிக் கேள்வி, விபத்துக்கு யாரு காரணம்னு கேட்டிருந்தாங்க. தொழிலாளியோட அலட்சியம்னு டிக் அடிச்சேன். வேறெதுக்கு அடிச்சாலும் வேல கெடைக்காதுண்ணா. எல்லாம் கரெக்ட்டுன்னு சொல்லிட்டாங்க."

எழுத்தாளனின் சமரசத்தைப் பற்றி நான் எழுதிய அந்தப் படத்தில், எழுத்தாளன் மட்டும் கடைசிவரை எந்தச் சமரசமும் செய்துகொள்ளவில்லை.