நாங்கள் கை தட்டிய பிடி

அது புரட்டாதிச் சனிக்கிழமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த கிரான்பர்னில், தெருவே அன்ரி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மா, எள்ளெண்ணெய் எரிக்கக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகாமல் வீட்டில் நின்ற ஒரே புரட்டாதிச் சனி அதுதான். அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் லீக்கில் ஆட அந்த மாதம்தான் அவருடைய மகனைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே வெள்ளி இரவு ஆட்டம், எங்களுக்குச் சனி காலை. தெருவிலிருந்த தமிழர் எல்லாரும் அன்ரியின் ஹோலில் கதிரை போட்டு இருந்தோம்.

அவன் நிற்பது மைதானத்தின் எல்லையோரம். உயர்ந்து வந்த பந்தைப் பின்னால் ஓடி, மதிலில் மோதிப் பிடித்தான். பிடித்த சந்தோஷத்தில் அதை வானத்துக்கு எறிந்தான், சின்ன வயதில் எங்கள் வளவில் கிரிக்கெட் விளையாடியபோது செய்தது போலவே. நாங்கள் எழும்பி நின்று கை தட்டினோம். அன்ரி அழுதார்.

கிரிக்கெட்டில் பிடித்தால் பந்தின் கதை முடிந்தது. பேஸ்போலில் அப்படியில்லை. அடித்தவன் அவுட்தான், மற்றவர்கள் பிடித்த பிறகும் ஓடலாம். ஆனால் பந்து கீழே வருவதற்குள், ஓடிக் கடக்க வேண்டிய நான்கு தளங்களில் மூன்றாவதில் நின்ற எதிரணிக்காரன் ஓடி ஓட்டம் எடுத்துவிட்டான். அந்த ஓட்டத்தால் அவர்கள் வென்றார்கள். நாங்கள் அப்போதும் கை தட்டிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அவனை ஆட விடவில்லை. ஆட்டப் பருவம் முடிந்து வீட்டுக்கு வந்தவன், ஆட்கள் வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பாடும் உள்ளேதான். இப்படியே இருந்துவிடுவானோ என்று அன்ரி பயந்தார்.

ஒரு பின்னேரம் நானும் அன்ரியும் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் எடுக்க வந்தவன் என்னைக் கண்டு நின்றான்.

“அங்கிள், நீங்களும் பாத்தனீங்களா?”

“ஓம். இஞ்ச இருந்துதான் பாத்தனான்.”

“சிரிச்சிருப்பியள்.”

அன்ரி கோப்பையை வைத்தார். “ஆர் சிரிச்சது? எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினனாங்கள்.”

“எப்ப?”

“நீ மேல எறியேக்க.”

“அம்மா, அதுதானே மிஸ்டேக்.”

“அது எங்களுக்கென்ன தெரியும்? இந்த அங்கிள் விசிலும் அடிச்சவர்.”

அவன் என்னைப் பார்த்தான். “உண்மையாவா?”

“நீங்கள் வெண்டதெண்டெல்லோ நினைச்சம். அம்மா தெரு முழுக்கக் கேசரி குடுத்தவா.”

முதலில் அவன் தோள்கள்தான் குலுங்கின. அழுகிறான் என்று அன்ரி பதறி எழும்பினார். சுவரைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

“தோத்ததுக்குக் கேசரியோ, அம்மா?”

பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு எங்களோடு இருந்தான். “எனக்கு மட்டும் தரேல்லையே” என்றான்.

அன்ரி ரவையை வறுக்கத் தொடங்கினார்.