ஒரே விலை

ராயபுரம் ரயில் கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கிய நீலமேகம், மத்தியானச் சோற்றை கோதண்டத்தின் சோற்றுக்கடையில்தான் தின்பான். தின்பது கடைக்குள் அல்ல. புளியந்தோப்புச் சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு உள்ளே இடம் கிடையாது. கொல்லைப்புறச் சந்தில், சாக்கடை ஓரமாக, தையல் இலையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும். மேலிருந்து சோறு விழும். பத்து வருஷமாக அப்படித்தான் விழுந்தது.

ஜெர்மன் சண்டையின் கடைசி வருஷம் அரிசி விலை தாறுமாறாக ஏறியது. கோதண்டமும் சாப்பாட்டு விலையை ஏற்றினான். ஆறே மாதத்தில் மறுபடியும் ஏற்றினான். அன்று உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு மோர் ஊற்றுவது ஜன்னல் வழியே தெரிந்தது. சந்தில் நின்றவர்களுக்கு இரண்டாம் சோறுகூட இல்லை.

"மொதலாளி, ஏத்துன வெலை உள்ளயும் அதான், வெளியயும் அதான். சோறு மட்டும் இன்னாத்துக்கு வேற?" என்று கேட்டான் நீலமேகம்.

"இஷ்டம் கீதுன்னா துண்ணு. இல்லன்னா போய்க்கினே இரு."

நீலமேகம் இலையில் ஒரு பருக்கை விடாமல் தின்றான். கையைக் கழுவிக்கொண்டு நடந்தவன், அந்தச் சந்துக்குள் மறுபடி கால் வைக்கவில்லை.

வெறும் வயிற்றோடு மூட்டை தூக்கினால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் சரக்கு வாகனில் சாய்த்த பலகை மேல் ஏறும்போது கண் இருட்டி விழுந்தான். முழங்கால் பெயர்ந்தது. காலோடு வேலையும் போயிற்று.

தானிய மண்டியில் புடைக்கப் போய்க்கொண்டிருந்த அவன் மனைவி மங்கை, மூக்குத்தியை விற்றுக் கேழ்வரகு வாங்கினாள். யார்டு வாசல் மரத்தடியில் கூழ்ப்பானையை இறக்கினாள். அவள் மண்டிக்குப் போன நேரத்தில் நீலமேகம் ஊற்றினான். யார் வந்தாலும் ஒரே வரிசையில்தான் உட்கார வேண்டும்.

கோதண்டத்தின் கடையில் உள்ளே உட்கார்ந்து தின்ற பரசுராமனும் ஒருநாள் வந்தான். அவனும் மூட்டைக்காரன்தான். விலை அவனையும் வெளியே தள்ளியிருந்தது. வந்தவன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"குந்து, பரசுராமா. நின்னுகினு குடிச்சா வயித்துல தங்காது."

முதலில் இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்தான். போகப் போக வரிசையோடு சேர்ந்துகொண்டான்.

ஐப்பசி மழையில் கேழ்வரகும் விலை ஏறியது.

"கொஞ்சம் தண்ணி சேத்துக்கலாமா?" என்றாள் மங்கை.

"வாணாம். வெலைய ஏத்திட்டேன்னு வாய்விட்டே சொல்லிர்றேன்."

சொல்லத்தான் நாக்கு எழவில்லை. மறுநாள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, அகப்பையைக் கையில் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். மற்றவர்கள் கலயத்தை நீட்டினார்கள். பரசுராமன் மட்டும் காலிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

நீலமேகம் தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனான். தண்டவாளத்தைத் தாண்டி, ஒரு வாகன் நிழலில் அவனைப் பிடித்தான்.

"கோச்சுக்காதப்பா. நீ பழைய வெலையே குடு."

"கோவம் இல்ல நீலமேகம். வூட்ல நாலு வயிறு கீது. நான் இங்க குடிச்சா அதுங்களுக்கு இல்ல."

"அதான் சொல்றேன். உனக்கு மட்டும் பழைய வெலை."

பரசுராமன் தலையை ஆட்டினான். "எல்லாருக்கும் ஒண்ணுன்னுதானே உன்கிட்ட வந்து குந்துனேன். எனக்கு மட்டும் கொறச்சா, நான் எப்டி அவங்க பக்கத்துல குந்துவேன்?"

சங்கு ஊதியது. பரசுராமன் முண்டாசை இறுக்கிக்கொண்டு வேலைக்குப் போனான்.

மறு வருஷம் கூலி கொஞ்சம் உயர்ந்தது. விலை ஏறிய பிறகு விட்டுப்போன ஆட்கள் ஒவ்வொருவராக மரத்தடிக்குத் திரும்பினார்கள். பரசுராமன் எங்கே என்று நீலமேகம் விசாரித்தான்.

"தெரியாதா உனக்கு? தை மாசமே ரங்கூன் கப்பல் ஏறிட்டான்" என்றான் ஒருவன்.

நீலமேகம் துறைமுகப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வரிசையில் கலயத்தோடு ஆட்கள் காத்திருந்தார்கள். குனிந்து, பானையை ஒருமுறை அடிவரை கலக்கி, ஊற்றத் தொடங்கினான்.