கரிப் பஸ் விசுவாசி

"நீங்க பாட்டுக்குக் கேளுங்க சார், கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுருளியாண்டி பஸ்ஸின் பின்புறம் நின்று சக்கரத்தைச் சுற்றுகிறார். யுத்தம் வந்து பெட்ரோல் போனதிலிருந்து போடி-கம்பம் பஸ் கரியில் ஓடுகிறது. பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதற்குள் அடுப்புக் கரி. அது கனன்று புகை கிளம்பினால்தான் இஞ்சின் உயிர் பிடிக்கும். கனல்வதற்குச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காற்றடிக்க வேண்டும். க்ளீனர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். அதனால் கண்டக்டரே சுற்றுகிறார். பிரயாணிகள் கைகட்டிச் சுற்றி நிற்போம். எங்களில் ஒருவர் அந்த நேரத்தில் கடவுளைப் பற்றி ஏதாவது கேட்டுவிட வேண்டும். யாரும் கேட்காவிட்டால் அவரே எங்களைக் கேட்பார்.

நான் தேவாரத்தில் வாத்தியார். வீடு கம்பத்தில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த வண்டியில் வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை காலையில் இதிலேயே திரும்புகிறேன். எனக்கோ வாதம் என்றால் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. ஆகவே சுருளியாண்டியை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வயதைத் தாண்டிய ஆள். காக்கிக் கோட்டு, தோளில் தோல் பை, காதில் பென்சில். கழுத்து வரைக்கும் கரி. சக்கரம் சுற்றிச் சுற்றி வலது கை மட்டும் பயில்வானுடையது போல் திரண்டிருக்கிறது. இடது கை இன்னும் கண்டக்டருடைய கைதான்.

ஞானஸ்நானத்தின்போது அவருக்குப் பாக்கியநாதன் என்று பெயர் வைத்தார்கள். வண்டியில் ஒரு குஞ்சு குருமான்கூட அப்படிக் கூப்பிடுவதில்லை. "உனக்குக் கோபம் வரவில்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன். "பேரு அன்னைக்கே மாறிருச்சு சார். ஆளு இன்னும் மாறிக்கிட்டுத்தான் இருக்கான். முழுக்க மாறினப்புறம் கூப்பிடுங்க" என்றார்.

அவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த கதையே ஒரு வேடிக்கை. உபதேசியார் ஞானதுரை சபை வேலையாக வாரா வாரம் உத்தமபாளையத்துக்கும் தேவாரத்துக்கும் இந்த வண்டியில்தான் போய்வருவார். சாதுவான மனுஷர். அவரை மடக்குவதற்கென்றே சுருளியாண்டி ராத்திரியெல்லாம் யோசித்து, காலையில் சீட்டைக் கிழிக்கும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கொடுப்பாராம். உபதேசியார் கோபிக்காமல் பதில் சொல்வார். பதிலை உடைக்க அடுத்த வாரம் இன்னொரு கேள்வி. இப்படியே ஒரு வருஷம். "அவரைக் குழியில தள்ளணும்னு தோண்டிக்கிட்டே போனேன் சார். நல்லா ஆழமாத் தோண்டிட்டேன். பாத்தா உள்ள நான் நிக்கேன்" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

டிரைவர் சங்கிலிக்கு இதெல்லாம் பிடிக்காது, பிடிக்காமலும் இல்லை. அவர் தன் ஆசனத்துக்கு முன்னால் மாரியம்மன் படம் மாட்டி, காலையில் சூடம் கொளுத்தித்தான் இஞ்சினைத் தொடுவார். சூடம் எரிகிற நேரம் சுருளியாண்டி நாலு அடி தள்ளிப் போய், தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடித் தன் ஜெபத்தை முடித்துக்கொள்வார். வண்டி கிளம்பிவிட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு பார்வை பார்ப்பார்கள். கிளம்பாத நாளில் இருவரும் சேர்ந்து கரி விற்ற வியாபாரியைத் திட்டுவார்கள்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவர் வந்தால் வண்டி களை கட்டும். "ஏம்பா சுருளி, எங்களுக்கும் ஒருத்தன்தான், உனக்கும் ஒருத்தன்தான். இதுல மகன்னு நடுவுல ஒரு ஆளை எதுக்குச் சேக்கிற?" என்று ஆரம்பிப்பார். "அது பெரிய பேச்சு ராவுத்தரே. இப்ப ஆரம்பிச்சாக் கோம்பை வரைக்கும் பத்தாது. போடி வரைக்கும் போற அன்னைக்கு வாங்க, பேசுவோம்" என்று இவர் சொல்வார். ராவுத்தர் வேலையில்லாமலே ஒரு தடவை போடி வரைக்கும் போய்வந்தார் என்று கேள்வி. இருவரில் யார் ஜெயித்தார் என்று தெரியவில்லை. திரும்பும்போது ராவுத்தர் இவருக்கு ஒரு கவுளி வெற்றிலை கொடுத்தாராம்.

என்னையும் அவர் விட்டு வைக்கவில்லை. "சார், திருநீறு பூசும்போது மனசுல என்ன நெனப்பீக?" என்று ஒரு திங்கட்கிழமை கேட்டார். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் எதையோ சொல்லி மழுப்பினேன். உண்மை என்னவென்றால், அன்று காலையில் காப்பி ஆறிவிடுமே என்று நினைத்துக்கொண்டு பூசினேன். இத்தனை வயதில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த வாரம் முழுவதும் திருநீற்றுச் சம்புடத்தைத் திறக்கும்போதெல்லாம் இந்த மனிதர் ஞாபகம் வந்து தொலைத்தது. சண்டாளன், என் சாமியை எனக்கே ஞாபகப்படுத்திவிட்டான்.

இப்படி ஊரையெல்லாம் வாயால் அளக்கிறவர் சொந்த வீட்டில் கோட்டைவிட்டார். அதையும் அவர் மறைக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே எங்கள் எல்லோருக்கும் சொன்னார். அவர் மனைவி பஞ்சம்மாள், கோம்பையில் இருந்த சொந்த அத்தையின் மகள். அவள் வேதத்தில் சேரவில்லை. இவரும் வற்புறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சோறு போட, இவர் கோயிலில் அன்று கேட்ட பிரசங்கத்தைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார். விசுவாசிக்காமல் செத்தவர்கள் நரகத்துக்குத்தான் போவார்கள் என்று சொல்லியிருக்கிறார். "அப்ப எங்க ஆத்தா எங்கன இருக்கா?" என்று அவள் கேட்டாள். இவருக்கு அன்றைக்குப் பதில் நுனி நாக்கில் இருந்தது. "சீட்டு வாங்காதவுகளை எந்த வண்டியில ஏத்துவாக?" என்றார்.

பஞ்சம்மாள் அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பரிமாறினாள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு கோம்பைக்கு நடந்துவிட்டாள்.

அவள் ஆத்தா சந்தனம்மாள் யார்? முன்பு ஒரு வருஷம் சுருளியாண்டி மலைக்காய்ச்சலில் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தபோது, கோம்பையிலிருந்து கம்பத்துக்கு நடந்தே வந்து, மடியில் தலையை வைத்துக் கஞ்சி ஊற்றியவள். மருமகன் எழுந்து உட்கார்ந்ததும் சுருளி அருவிக்குப் போய், தீர்த்தமாடி, நேர்த்திக்கடனை முடித்துவிட்டு வந்தவள். மருமகன் ஞானஸ்நானம் எடுப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் செத்துப்போனாள். அவளைத்தான் சீட்டு இல்லை என்று இறக்கிவிட்டார் இவர்.

"நான் பேசினது சரியா தப்பா, நீங்களே சொல்லுங்க" என்று வண்டியைக் கேட்டார். வண்டி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சட்டப்படி சரி என்றார்கள் சிலர். ராவுத்தர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சட்டம் சரிதாம்பா, சாப்பிடுற நேரம் தப்பு" என்றார். சங்கிலி ஆசனத்திலிருந்தே திரும்பாமல் சொன்னார்: "பொண்டாட்டிகிட்ட வாதாடி ஜெயிச்சவன் பட்டினிதான் கெடப்பான்." உபதேசியாரையே கேட்டார் சுருளியாண்டி. ஞானதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் உத்தமபாளையம் வந்துவிட்டது, இறங்கிவிட்டார்.

சமாதானம் பேச ஒரு தடவை கோம்பைக்குப் போனார். மாமனார் வீட்டில் ஒரு கோம்பை நாய் உண்டு. தெருவில் ஒருவரையும் நடக்க விடாது. அது இவரைக் கண்டதும் வாலைக் குழைத்துக்கொண்டு காலில் விழுந்தது. பஞ்சம்மாள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, "கேட்டதுக்குப் பதில் கெடச்சுச்சா?" என்றாள். இவர் ஆண்டவருடைய நீதியைப் பற்றி வாசலில் நின்று கொஞ்ச நேரம் விளக்கினார். நாய் மட்டும் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டதாம். "நான் பேசினதை முழுசாக் கேட்ட ஒரே அவிசுவாசி அதுதான் சார்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு ஆள் மாறிப்போனார். கேள்வியை முடிப்பதற்குள் பதிலை எறிகிறவர், இப்போது கேட்டதும் சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றி யோசிக்கிறார். சில சமயம், "அது எனக்குத் தெரியலையே" என்கிறார். பிரயாணிகளுக்கு இதில் ஏமாற்றம். "கண்டக்டருக்கு விசுவாசம் கொறஞ்சு போச்சு போல" என்று ஒரு மிளகாய் வியாபாரி குறைப்பட்டுக்கொண்டார். எனக்கென்னவோ விசுவாசம் ஏறியிருக்கிறது என்றுதான் பட்டது. வாதத்தில் சுவை குறைந்தது வாஸ்தவம். ஆனால் அவரிடம் பேசிவிட்டு இறங்குகிறவர்கள் முன்பைப் போல் முணுமுணுத்துக்கொண்டு இறங்குவதில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி கோம்பையில் நின்றது. நிறுத்தத்தில் பஞ்சம்மாள் மூட்டையோடு நின்றாள். ஏறி, பெண்கள் பலகையில் உட்கார்ந்து, மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சுருளியாண்டி கீழே இறங்கிப் போய்ச் சக்கரத்தைச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார், அப்படிச் சுற்றினார். "ஏலே, கரியெல்லாம் சாம்பலாப் போகும், போதும் வாடா" என்று சங்கிலி கத்தினார்.

வண்டி புறப்பட்ட பிறகு பின்னாலிருந்து முன்னால் சீட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஏற்கெனவே சீட்டு வாங்கிய என்னிடம்கூட மறுபடி கேட்டார். கடைசியில் அவள் பலகைக்கு வந்துதானே ஆக வேண்டும்.

"உங்களைத் தேடி வந்தேன்னு நெனச்சுக்கிடாதீக" என்றாள் பஞ்சம்மாள். மெதுவாகத்தான் பேசினாள். "இந்த வண்டியில கண்டவுகளுக்கெல்லாம் பதில் சொல்றீகளாம். நான் கேட்டது ஒண்ணுதான். இங்கன வச்சுச் சொல்லுங்க. பதில் சரியா இருந்தா கம்பத்துக்குச் சீட்டுக் குடுங்க. இல்லைன்னா உத்தமபாளையத்துல எறங்கி எங்க சித்தி வீட்டுக்குப் போறேன். அதுக்கப்புறம் வர மாட்டேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராவுத்தர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

சுருளியாண்டி மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாது பஞ்சு" என்றார். "அன்னைக்குக் கூடவே போயிப் பாத்துட்டு வந்தவன் கணக்காப் பேசிட்டேன். அத்தை எங்கன இருக்காகன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா தெனம் படுக்குறப்ப அவுக பேரைச் சொல்லி ஜெபம் பண்றேன். ஆண்டவரே, எங்க அத்தை அங்கன வந்திருப்பாக. அவுகளுக்கு உம்ம பேரு தெரியாது. நான் சாகக் கெடந்தப்ப எனக்குக் கஞ்சி ஊத்துன கை அவுகளுது. அந்தக் கையைப் பாத்தாவது உள்ள கூப்பிடும்னு கேக்கேன். செத்தவுகளுக்காக ஜெபம் பண்ணக் கூடாதுன்னு சபையில சொல்லிருக்காக. தெரிஞ்சேதான் பண்றேன்."

பஞ்சம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு அவரு என்ன சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. கேக்காதன்னும் சொல்லல."

அவள் சீட்டும் கேட்கவில்லை, இவர் கொடுக்கவும் இல்லை. கம்பியை விடாமல் அப்படியே நின்றார். கரி படிந்த கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியிருந்தது. துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"உத்தமபாளையம்" என்று அவர் சொன்னது அடுத்த பலகைக்குக்கூடக் கேட்டிருக்காது. இறங்க வேண்டிய மிளகாய் வியாபாரி இறங்காமல் படியிலேயே நின்றார். சங்கிலி ஹாரன் அடிக்கவில்லை. பஞ்சம்மாள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். மூட்டையைக் கையில் எடுத்தாள். எடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு, ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.