செங்கல்பட்டு சலூனில் அமெரிக்க ஜனாதிபதி

எட்டாவது வரை படித்தவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை.

நெருக்கடி நிலை அமலில் இருந்த நாட்கள். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே அவர் சலூன் வைத்திருந்தார். ஒல்லி உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. 'இங்கே அரசியல் பேசக் கூடாது' என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் அமெரிக்க அரசியலை மட்டும் பேசுவார்.

அன்று எனக்குச் சவரம் செய்துகொண்டே, "எம்மாம் பெரிய ஜனாதிபதி! பொய் சொல்றாருன்னு பேப்பர்ல கிழிச்சாங்க. நாற்காலிய வுட்டு எறங்கினாரா இல்லியா?" என்றார்.

வாசலில் நின்ற போலீஸ்காரர் அதைக் கேட்டுவிட்டார். "நீ யாரைச் சொல்றேன்னு தெரியும்யா. நட ஸ்டேஷனுக்கு!"

"நான் அமெரிக்காவச் சொன்னேன். உனக்கு ஏன் நம்மூரு ஞாபகம் வருது, அண்ணாத்த?"

நான் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன். அவரோ, "இரு, இவருக்குப் பாதி மூஞ்சி பாக்கி கீது" என்று சொல்லி, நிதானமாக மழித்து முடித்தார். ஒரு கீறல்கூட விழவில்லை. துண்டை உதறி மடித்து வைத்துவிட்டுப் போலீஸ்காரருக்கு முன்னால் அவரே நடந்தார். அந்தக் கை எப்படி நடுங்காமல் இருந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.

மறுநாள் சலூன் பூட்டிக் கிடந்தது. பக்கத்து டீக்கடையில் நாலைந்து பேர் அமெரிக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.