ஒரே குழாயில் மூன்று ஏரியல்

கைபேசியை சார்ஜில் போட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். கீ என்று ஒரு சீட்டி கிளம்பியது. மெல்லிய, விடாத சீட்டி. நகர்த்தி வைத்தால் நின்றுவிடும்; நகர்த்தவில்லை. அந்தச் சீட்டிக்குள் சித்தூர் வாடகை வீட்டு மாடி இருந்தது, காலை வெயில் இருந்தது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் மனைவி நின்றாள்.

அவள் நர்ஸ். எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஒரு நர்ஸாவது வளைகுடாவுக்கு ஜெபம் வாங்கிக்கொண்டு கிளம்பிய காலம் அது. அவளுக்கு துபாய். இரண்டு வருஷம் என்றுதான் போனாள். பிறகு இன்னொரு இரண்டு, இன்னொரு இரண்டு. எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

எங்களுக்குள் ஒரு பேச்சு. ராத்திரி ஏழரைக்கு ஒரு வெளிநாட்டு நிலையம் சிற்றலையில் தமிழ்ப் பாட்டும் ஜெபமும் போடும். "இங்க ஏழரைன்னா அங்க ஆறு. நீங்க கேக்கறப்போ நானும் கேட்டுக்கினு இருப்பேன்" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் போகச் சம்மதித்தேன். கிளம்புவதற்கு முந்தைய மாலை ரேடியோவைத் திருப்பினால், சீட்டி. பாட்டு அதற்கடியில் மூழ்கிக் கிடந்தது.

தப்பு என்னுடையது. எல்லை ஊர்க்காரனுக்கு டிவியில் தமிழும் வேண்டும், தெலுங்கும் வேண்டும். மெட்ராஸைப் பார்த்து ஒரு ஏரியல், திருப்பதியைப் பார்த்து ஒன்று. இரண்டையும் ஒரே இரும்புக் குழாயில் ஒரு சாண் தள்ளி முடுக்கியிருந்தேன். மெட்ராஸ் தெளிவாக வர ஒரு பூஸ்டர். ரேடியோவின் செம்புக் கம்பியையும் அந்தக் குழாயிலேயே கட்டினேன்; பூஸ்டரின் சீட்டி அதில் ஏறிக்கொண்டது. எல்லாம் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று நினைக்கிறவன் நான்.

"ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு கீதுங்க. பிரிச்சி வைங்க" என்றாள், மறுநாள் காலை மாடியில்.

"மத்தியானம் பஸ்ஸு. இப்பப் போயா?"

"நான் போனப்புறம் நீங்க மாடி ஏறுவீங்களாக்கும்? பல்பு மாத்தவே ரெண்டு மாசம்."

கம்பியை அவிழ்த்தேன். மாடியின் மறுகோடியில் வீட்டுக்கார அம்மாவின் துணிக்கொடிக் கொக்கி இருந்தது. கேட்டோம். "ஏம் பாபு, மாடியில ஏரியல் தோட்டம் போடறியா? கட்டிக்கோ. என் புடவைங்களுக்குப் பாட்டு வந்தா சொல்லு" என்றார் அந்தத் தெலுங்கு அம்மா.

குழாயிலிருந்து இருபதடி. டிவி ஏரியல்களுக்கு நடுவிலும் ஒரு ஆள் உயரம் விட்டேன். கீழே வந்து ரேடியோவைப் போட்டோம். காலையில் அந்த நிலையம் வராது. முள்ளை அதே இடத்தில் வைத்தோம். வெறும் இரைச்சல், மழைக்கு முந்தின காற்று மாதிரி. சீட்டி மட்டும் நூலாகத் தேய்ந்திருந்தது. இருக்கிறதா, இல்லையா? இரண்டு பேரும் தலை சாய்த்து, யாருமே பேசாத அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நர்ஸ்களைத் திருப்பதியில் சேர்த்து வேனில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போவது ஏஜென்ட்டின் ஏற்பாடு. அதுவரை நானும் பஸ்ஸில் போனேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே அவள் பெட்டியோடு வேனில் ஏறினாள். வேன் நகர்ந்தபோது ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"டிவில எந்தப் படம் ஓடினாலும் சரி, ஏழரைக்கு அந்த பூஸ்டர அணைச்சிடுங்க!"

"அணைக்கிறேன்மே" என்றேன்.