சீட்டு உறை

சித்தியின் பேச்சு போனில் புரியாமல் போன வருஷம்தான் கார் வாங்குவது என்று முடிவெடுத்தேன். சித்தி, என் அம்மாவின் ஒரே தங்கை. மௌலா அலியில் சித்தப்பாவின் ஆபீஸ் குவார்ட்டர்ஸில் இருந்தாள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, நாக்கும் குழறிவிட்டது. நாங்கள் இருந்தது ராமச்சந்திராபுரத்தில், அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியின் டவுன்ஷிப்பில். அது ஊரின் ஒரு கோடி, இது மறு கோடி. அம்மாவுக்கோ மூட்டு தேய்ந்து பஸ் படி ஏற முடியாது. டாக்ஸி பிடித்துத் தருகிறேன் என்றால், "காசக் கரியாக்காத" என்பாள். தினமும் சாயங்காலம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "என்னட்டி சொல்லுத? இன்னொருக்கா சொல்லு" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் புரிந்தவள் மாதிரி "சரிட்டி, சரி" என்று வைத்துவிடுவாள். அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது.

மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை. கூட வேலை பார்த்தவர்கள் பிரியாணி, சினிமா என்று பறந்தார்கள். நான் அம்மா கட்டித் தந்த எலுமிச்சைச் சாதத்தோடு உட்கார்ந்திருப்பேன். 'கஞ்சூஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். போங்கடா என்று இருந்தேன். முன்பணம் சேர்ந்ததும் லோன் போட்டு, சின்னதாக ஒரு வெள்ளைக் கார் எடுத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சாவி கைக்கு வந்ததும் ஷோரூமிலேயே அழுதேன்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம். அப்பா முன் சீட்டில், அம்மா பின்னால். கூகட்பள்ளிகூடத் தாண்டவில்லை. "ஏட்டி, நிறுத்து, நிறுத்து!" என்றாள் அம்மா. கதவைத் திறப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. "நல்லவேளை, சீட்டுல கவர் இருந்துச்சு" என்றார் அப்பா. அவரை அங்கேயே இறக்கிவிட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

அடுத்த வாரம் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாள். கூகட்பள்ளிக்கும் முன்னாலேயே, மியாப்பூரிலேயே வாந்தி. அதற்கடுத்த வாரம் கார்ப் பக்கமே வரவில்லை.

"நக்கோ, வேண்டாம், ஆள விடு. அந்த நாத்தம் எனக்கு ஆவாது. நீ நல்லா ஓட்டு, எனக்கு அது போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீட்டெல்லாம் வாங்கின அன்றிருந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தது. பிரிக்க விடாதவர் அப்பா. எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சட்டை உண்டு, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குப் பாவாடை உண்டு. காரை மட்டும் சும்மா விடுவாரா? மே மாத வெயிலில் அந்த உறை வெந்து நாறியது. போதாக்குறைக்கு அவரே வாங்கி வைத்த மல்லிகை சென்ட் பாட்டில் வேறு.

"பிரிச்சிரலாம்ப்பா" என்றேன்.

"கிறுக்கி மாதிரி பேசாத. சீட்டு அழுக்காச்சுன்னா, நாளைக்கு விக்கும்போது எவன் வாங்குவான்?"

"வாங்கி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள யாருக்கு விக்கப் போறீங்க?"

"அஞ்சு வருஷம் கழிச்சுப் பாரு. புதுசு மாதிரியே இருக்கும்."

"புதுசா இருந்து யாருக்குப் பிரயோஜனம்? அம்மா அவ தங்கச்சியப் போய்ப் பாக்கத்தான இத வாங்குனேன்!"

கத்திவிட்டு, காய் நறுக்கும் கத்தியோடு கீழே இறங்கினேன். ஆளாளுக்குப் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சர் சர்ரென்று கிழித்தேன். பின் சீட்டின் மூலையில் மாட்டிக்கொண்ட துண்டு மட்டும் வருவேனா என்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் வந்து நின்ற அப்பா, குனிந்து அதைப் பிடித்து இழுத்தார். சென்ட் பாட்டிலையும் அவரே எடுத்துப் போய்க் குப்பையில் போட்டார். அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

ஒருவழியாக அம்மாவைச் சம்மதிக்க வைத்துக் கிளம்பினோம். ஏசியைப் போடவில்லை. ஜன்னல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். அம்மா புளிப்பு மிட்டாயை வாயில் அதக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூகட்பள்ளி போனது. கண்ணாடியில் பார்த்தால் கண்ணை இறுக மூடியிருந்தாள். முக்கால்வாசி தூரம் தாண்டி, தார்நாகா வந்ததும் கண்ணைத் திறந்து, "இன்னும் எம்புட்டு தூரம்ட்டி?" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு சித்தியை உட்கார வைத்திருந்தார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் போய் எதிரே நின்றாள். சித்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோணிப்போன வாயால் ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சித்தப்பாவும் "என்ன, என்ன?" என்று குனிந்தார்.

அம்மா அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்கட்டி மெலிஞ்சேன்? நீதான் பாதியாப் போயிட்ட."