கங்கம்மாள் அணைக்காத சூடம்

வல்லம் வடகாலில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் கேட்டில் எல்லப்பன் செக்யூரிட்டி. ஒரு காலத்தில் அந்தக் கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவர் நெல் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஷிப்டுக்கு வருகிறவர்களின் பையை மட்டுமல்ல, சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். "சாம்பார்ல இன்னா குண்டா வச்சுக்கினு வரப்போறோம்?" என்று லைன் பசங்கள் கலாய்ப்பார்கள். மனிதர் அசைய மாட்டார். தன் கண்ணுக்குத் தப்பி ஒரு துரும்பு போகாது என்று அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டு அடுப்படியில் கோட்டை விட்டார்.

மகன் இனியவனுக்கு இருபத்தாறு வயது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஷிப்டின் நடுவே லைனை விட்டு எழுந்து வந்துவிட்டான். காதுக்குள் யாரோ திட்டுகிறார்களாம். மனச்சிதைவு நோய் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். பையன் நாலு நாள் முழுங்கிவிட்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று தூக்கிப் போட்டான். எல்லப்பன் அவனை அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய் இடுப்பில் மந்திரித்த கயிறு கட்டினார். இரண்டு மாதத்தில் குரல்கள் அடங்கின. பையன் குளித்தான், சிரித்தான். கயிற்றின் மகிமையை எல்லப்பன் கேட்டில் நின்று சொல்லாத ஆளில்லை.

ஒரு பேச்சை மட்டும் இனியவன் விடவில்லை. "என் சோத்துல எதையோ கலக்குறாங்க." இதைச் சொல்லித் தட்டைத் தள்ளியபோது எல்லப்பன் ஒருமுறை அறைந்தும் விட்டார். பெற்ற தாய் கங்கம்மாளையே சந்தேகப்பட்டால் எந்த அப்பனுக்குத்தான் பொறுக்கும்? ஒரு மாதமாக அவன் வீட்டுச் சோற்றைத் தொடுவதே இல்லை. உரிக்காத வாழைப்பழம், ஓட்டோடு வேகவைத்த முட்டை, பாக்கெட் பிரிக்காத பன், அவ்வளவுதான். ஆள் பாதியாகிவிட்டான். குரல்களும் திரும்பிவிட்டன. பிள்ளை கண்ணெதிரே பட்டினி கிடந்து செத்துவிடுவானோ என்று எல்லப்பனுக்குக் கிலி பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் செல்வலட்சுமி வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆலோசகர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவாள். கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் ஒரு கை பார்த்துவிடுவது என்று எல்லப்பன் தயாராக இருந்தார். "கயிறு இருக்கட்டும் ஐயா. சாமியும் பாக்கட்டும், டாக்டரும் பாக்கட்டும்" என்றாள். மனிதர் அத்தோடு அடங்கிப்போனார்.

மூன்றாவது ஞாயிறு அவள் கேட்டாள்: "இந்த வீட்ல ஒருத்தர் பேச்ச ஒருத்தர் நம்பணும்னா வழக்கமா என்ன செய்வீங்க?"

"சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுவோம் மேடம். அதுக்கு மேல பேச்சே கெடையாது" என்றார் எல்லப்பன்.

"இனியவன், உங்களுக்கு அது போதுமா?"

அவன் யோசித்துத் தலையாட்டினான்.

எல்லப்பன் தட்டில் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "அந்த அம்மன் மேல சத்தியம்டா. உன் சோத்துல யாரும் எதையும் கலக்கல."

"அம்மாவும் பண்ணட்டும்" என்றான் இனியவன்.

மறுபடி ஒரு சூடம் ஏற்றினார். கங்கம்மாளின் கை நீண்டது, மடிக்கே திரும்பிவிட்டது.

"ந்தா, அணை. இன்னாத்துக்கு முழிச்சிக்கினு கீற?"

"என்னால முடியாதுங்க. பொய்ச் சத்தியம் பண்ணா என் புள்ளைக்குத்தான் எதுனா ஆவும்." அவளுக்கு அழுகை பீறிட்டது. "மாத்திரைய நான்தான் பொடி பண்ணி ரசத்துல போட்டுக்கினு இருந்தேன். மூணு வருசமா. கையில குடுத்தா துன்ன மாட்டேன்றான், நான் இன்னாங்க பண்ணுவேன்?"

சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. எல்லப்பனுக்குத் தலையில் இடி இறங்கியது. கயிறு ஒன்றும் செய்யவில்லை. பிள்ளை சொன்னது அத்தனையும் உண்மை. உண்மை சொன்ன வாயில்தான் அவர் அறைந்திருக்கிறார். போதாததற்குச் சற்றுமுன் அம்மன் மேலேயே பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார்.

செல்வலட்சுமி மெல்லச் சொன்னாள்: "அம்மா பயத்துல பண்ணிட்டாங்க, அவங்களத் திட்டாதீங்க. ஆனா இனியவன் சொன்னது நிஜம்னு நீங்க உங்க வாயால சொல்லணும் ஐயா."

"நீ சொன்னதுதான்டா நிஜம்" என்றார் எல்லப்பன்.

இனியவன் கத்தவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ காதுல கேக்குறாங்களே, அவங்களும் நிஜமாப்பா?"

இல்லை என்று சொல்ல எல்லப்பன் வாயெடுத்தார். ஆனால் அவர் பேச்சுக்கு இனி என்ன மரியாதை?

"எனக்குக் கேக்கலடா. உனக்குக் கேக்குது. அதுக்கு மேல அப்பனுக்கு ஒண்ணும் தெரியாது."

இனியவன் அம்மாவைப் பார்த்தான்.

"சோறு போடும்மா. ரசம் வேணாம். மாத்திரைய தனியா என் கையில குடு. துன்றதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன்."

கங்கம்மாள் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லப்பன்தான் எழுந்து அவன் சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போனார்.